ஐந்து இரவுகளுக்கு எழுதிய சீட்டு

நான் ஓய்வு பெற்ற மருந்துக் கடைக்குப் புதுக் கணினி வந்திருக்கிறது. தூக்க மாத்திரையின் பெயரைத் தட்டினால் உடனே டாக்டர் பெயர், பதிவு எண், சீட்டின் தேதி, சீட்டின் புகைப்படம் எல்லாவற்றையும் கேட்கிறதாம். ஒன்று குறைந்தாலும் பில் போடாதாம்.

"நீங்க குந்தினு இருந்த எடத்துல இப்ப அது குந்தினு கீது மேடம். உங்கள மாதிரியே சிரிக்காம கேள்வி கேக்குது" என்று டில்லி போனில் சொன்னார்.

டில்லி அங்கே விற்பனையாளர், என் வயதுக்காரர். மேற்கு மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரே கவுன்ட்டரின் இரண்டு முனைகளில் இருபத்தொன்பது ஆண்டுகள் நின்றவர்கள் நாங்கள். நான் சிரிக்காததைப் பற்றி அவர் புகார் சொல்லாத வாரம் கிடையாது.

எங்கள் மருந்தாளுநர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டார்கள். புதுக் கணினி இனி எல்லாத் தவற்றையும் பிடித்துவிடும் என்று இளையவர்கள் நம்புவதாகத் தெரிகிறது. அந்தக் கணினி கேட்காத ஒரு கேள்வி உண்டு. ஒன்பது ஆண்டுகள் நானும் அதைக் கேட்கவில்லை. அதைத்தான் எழுதலாம் என்று தோன்றியது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பார்மசி டிப்ளமோ இரண்டு ஆண்டு. அரசு மருத்துவமனையில் பயிற்சி மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் கற்றது, வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்க்க வேண்டும் என்பது. நல்ல பாடம்தான். அதை நான் அளவுக்கு மீறி நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகளெல்லாம் தியாகராய நகரில் பாத்திரமும் புடவையும் விற்க, இவர் மட்டும் மாத்திரை விற்க வந்துவிட்டார். எந்தச் சீட்டையும் இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை டாக்டரின் கையெழுத்துக்கு, இரண்டாம் தடவை தேதிக்கு. மருந்து கொடுத்ததும் "வழங்கப்பட்டது" என்ற ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்துவார். அந்தச் சத்தத்தில் கவுன்ட்டர் கண்ணாடி ஒரு முறை விரிசல் விட்டது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் டில்லி குடோனில் ஏதாவது வேலை கண்டுபிடித்துக்கொள்வார்.

தூக்க மாத்திரை போன்றவற்றுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது விதி. தேதி, நோயாளி, டாக்டர், மருந்து, எண்ணிக்கை. அந்தப் பதிவேடு என் பொறுப்பு. அடித்தல் திருத்தல் இருக்காது. கோடு போட எனக்குத் தனி ஸ்கேல் உண்டு; அதை டில்லி முதுகு சொறிய எடுத்தால் சண்டை வரும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழைய பதிவேட்டை வைத்திருக்கத் தேவையில்லை. நான் எல்லாவற்றையும் அட்டை போட்டுப் பரணில் வைத்திருந்தேன்.

"ஏம்மா, ஒன் நோட்டுக்கே தனியா ஒரு குடோன் புடிக்கணும் போலிருக்கே" என்பார் அண்ணாச்சி.

வீட்டில் டைரியும் எழுதுவேன். தினமும் ஆறு வரி. இப்போதும் உண்டு.

அந்தக் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்தான் டைம்டேபிள் மாமா. மின்சார ரயிலில் பச்சைக் கொடி காட்டும் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பீச்சிலிருந்து தாம்பரம்வரை எந்த வண்டி எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று, தான் வேலையில் இருந்த காலத்து அட்டவணையை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். இப்போது நேரமெல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால், "அது வண்டியோட தப்பு" என்பார். நான் சொல்லப்போகும் ஆண்டில் அவருக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி ஜானகி மாமி. கடையிலிருந்து நாலாவது கட்டடத்தில் இரண்டாவது மாடி.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. வலியில் தூக்கம் வராமல் தவித்ததால் டாக்டர் ஒரு தூக்க மாத்திரை எழுதினார். இரவு ஒன்று, ஐந்து நாள். ஐந்து மாத்திரையை நான்தான் அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தேன். அண்ணாச்சி முத்திரை குத்தினார்.

அடுத்த வாரம் மாமா அதே சீட்டோடு வந்தார். சீட்டு பளபளத்தது. கசங்கிவிடும் என்று லேமினேட் செய்துவிட்டார்.

இதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் பகுதியில் ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, கோயில் பிரசாதம் வந்த கவர் எல்லாவற்றையும் லேமினேட் செய்பவர்கள் உண்டு. மருந்துச் சீட்டுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. ஆனால் பிளாஸ்டிக் மேல் முத்திரை மை ஒட்டாது. அண்ணாச்சி குத்தினார், மாமா கட்டைவிரலால் துடைத்தார், சீட்டு மறுபடியும் ஒரே ஒரு முறை மருந்து வாங்கிய சீட்டாகிவிட்டது.

"டாக்டரைப் பார்த்துட்டு வாங்க மாமா" என்றேன்.

"பார்த்தேனே. தேவைப்பட்டா எடுத்துக்கோன்னார். தேவைப்படறது."

அப்போது கடையில் கூட்டம். ஒரு அட்டை கொடுத்தேன். பதிவேட்டில் எழுதினேன். எழுதிவிட்டால் சரியாகிவிட்டது என்று ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது வந்தது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாமா வருவார். "சுமதி, வழக்கமானதைக் கொடும்மா" என்பார். டில்லி, "இன்னா மாமா, பாஸ் ரினிவல் பண்ண வந்தியா?" என்பார். "சீசன் டிக்கெட்டுடா. கேள்வி கேக்கப்படாது" என்பார் மாமா. எல்லோரும் சிரிப்பார்கள், என்னைத் தவிர. நான் எழுதிக்கொண்டிருப்பேன். டாக்டர் என்ற கட்டத்தில் அதே பெயர். அந்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு வெளிநாடு போய், அந்த இடத்தில் சுடிதார் தைக்கும் கடை வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கடையில் நானே ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் கட்டத்தில் அவர் பெயர் பிசகாமல் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாமாவின் மகள் வசுதா கடைக்கு வந்தாள். பெங்களூரில் வேலை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பாவுக்கு மறதி ரொம்ப ஆயிடுத்து மேடம். கேஸை மூட மறந்துடறார். ரெண்டு தடவை கீழே விழுந்துட்டார். அம்மாவால தூக்க முடியல்லே. கொட்டிவாக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல அப்பாவுக்கு ரூம் சொல்லியிருக்கேன். ஒண்ணாந்தேதி சேத்துடணும். அம்மாவை என்னோட கூட்டிண்டு போயிடறேன்."

"ரெண்டு பேரும் தனித்தனியாவா?" என்றேன்.

"வேற வழி சொல்லுங்கோ. அம்மா அங்க வந்தாலும் அவரைப் பாத்துக்கத் தெம்பு இல்லே." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "அப்பா என்னென்ன மருந்து சாப்பிடறார்னு இல்லத்துல லிஸ்ட் கேக்கறா. அவரைக் கேட்டா ரயில் நேரம் சொல்றார், அதுவும் தப்பா. உங்ககிட்ட எல்லாம் எழுதி இருக்கும்னு அம்மா சொன்னா."

எல்லாம் எழுதி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பதினோரு பதிவேடுகளை இறக்கி, வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். இத்தனை ஆண்டுகளும் நாள்வாரியாக எழுதியதை அன்றைக்குத்தான் முதல் முறையாக ஆள்வாரியாகப் படித்தேன்.

ஓர் அட்டையில் பத்து மாத்திரை. முதல் இரண்டு வருஷம் பத்து நாளுக்கு ஓர் அட்டை வாங்கியிருந்தார். பிறகு ஒன்பது நாள், எட்டு நாள். ஆறாவது வருஷம் ஏழு. கடைசி ஒன்றரை வருஷமாக ஐந்து நாளுக்கு ஓர் அட்டை. ஒரு மாத்திரை இரண்டாகிவிட்டிருந்தது. அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை; எத்தனை நாளுக்கு என்று நானும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அத்தனையும் என் கையெழுத்தில், அடித்தல் இல்லாமல், ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டுக்குள் இருந்தது.

டைரிகளையும் எடுத்தேன். "மாமா குடையை விட்டுவிட்டுப் போனார்." "மாமா டில்லியை முருகேசா என்று கூப்பிட்டார்." "மாம்பலத்தில் இறங்க வேண்டியவர் கோடம்பாக்கத்தில் இறங்கி, ஸ்டேஷனைக் காணோம் என்றாராம். டில்லி சொல்லிச் சிரித்தார்." "மாமா குளியலறையில் விழுந்து கை வீக்கம், களிம்பு கொடுத்தேன்." அந்த நாளின் பதிவேட்டைப் பார்த்தேன். மாத்திரையும் அன்றுதான் வாங்கியிருக்கிறார். விழுந்ததற்குக் களிம்பையும் விழவைத்ததற்கு மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இந்த மாத்திரைகளை நீண்ட நாள் தின்றால் மறதி வரும், நடை தள்ளாடும், வயதானவர்கள் விழுவார்கள் என்று நான் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது.

இதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தவறு. திங்கட்கிழமை மாமா வந்து சீட்டை நீட்டினார். நான், "இனிமே கிடையாது மாமா" என்றேன். ஏன் என்று விளக்கமாகச் சொன்னேன். பக்கத்துக் கடைகளுக்கும் போன் செய்து கொடுக்க வேண்டாம் என்றேன். கெஞ்சினார். பிறகு, "அப்போ இத்தனை நாள் எதுக்குக் கொடுத்தே?" என்று கோபப்பட்டுப் போனார். அன்று டைரியில் "ஒரு நல்ல காரியம் செய்தேன்" என்று எழுதியிருக்கிறது. அந்த வரியைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வியாழன் காலை ஜானகி மாமி கடைக்குப் போன் செய்தார்.

"சுமதி, இவருக்கு உடம்பெல்லாம் நடுங்கறதும்மா. வேர்த்துக் கொட்டறது. மூணு நாளாப் பொட்டுத் தூக்கம் இல்லே. இப்போ பால்கனியில நின்னுண்டு பச்சைத் துண்டை ஆட்டிண்டிருக்கார். வண்டியை எடுக்கச் சொல்றார். உள்ள வரமாட்டேங்கறார்."

அண்ணாச்சி என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா, குடுக்கிறதுக்குச் சீட்டு வேணும்ங்கே. நிறுத்துறதுக்குச் சீட்டு வேண்டாமா?" என்றார்.

அவ்வளவுதான். டில்லியை ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மாடியில் மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. டில்லிதான் சமாளித்தார்.

"கார்டு சார், உன் வண்டி இந்த பிளாட்பாரம் இல்ல. கீழ நிக்குது, வா. பாசஞ்சர்லாம் வெயிட் பண்ணிக்கினு கீறாங்க."

மாமா துண்டை ஒழுங்காகச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆட்டோவில் அடையாறு மருத்துவமனைக்குப் போகும்வரை டில்லியின் கையை விடவில்லை. ஜானகி மாமி அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் மடியில், கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்திருந்த பதினோரு பதிவேடுகளை வைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே முதியோர் மருத்துவர் ஓர் அம்மா. என் பதிவேடுகளை அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒரு நோயாளியின் தூக்கம் இத்தனை அழகான கையெழுத்தில் தன்னிடம் வந்ததில்லை என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நல்ல வேளை, வலிப்பு வரல. இத்தனை வருஷம் தின்ன மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. தானாத் தொடரவும் கூடாது, தானா நிறுத்தவும் கூடாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

தெரியும். அதற்கும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நான் நிறுத்திய மாத்திரையை அவரே திரும்ப எழுதிக் கொடுத்தார். அவசரமாக வந்து சேர்ந்த வசுதாவிடம், "இந்த மாத்திரை உடம்பில இருக்கிறவரைக்கும் இவரோட மறதியை என்னால அளக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். ஆறு மாசம் ஆகும். வயசுக்கான மறதி இருந்தா அது இருக்கத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

வசுதா யோசித்தாள். "ஆறு மாசம். அதுக்கு மேல அம்மா தாங்க மாட்டா, நானும் தாங்க மாட்டேன்" என்றாள்.

பகல் வேளைக்கு ஓர் ஆயாவை வைத்துவிட்டு அவள் ஊருக்குப் போனாள். கொட்டிவாக்கத்து அறையை ரத்து செய்யவில்லை, தள்ளித்தான் போட்டாள்.

மருத்துவர் ஓர் அட்டவணை கொடுத்தார். இரண்டு மாத்திரையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு கால் மாத்திரை குறைய வேண்டும். கடைசியில் இன்னும் மெதுவாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் புதுச் சீட்டு. லேமினேட் செய்யக் கூடாது என்று சீட்டின் அடியிலேயே எழுதினார்.

திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன், நான் வெட்ட உட்காருவேன். மாத்திரை வெட்டும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் உள்ளே ஒரு பிளேடு இருக்கும். மாத்திரையின் நடுக்கோட்டைப் பிளேடுக்கு நேராக வைத்து மூடியை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும், தயங்கினால் பொடிந்துவிடும். அரையை மறுபடி வெட்டினால் கால். மூன்று கால் துண்டுகளில் ஒன்று நொறுங்கும். நொறுங்கியதைத் தனியே எழுதி அழித்துவிடுவேன். ஏழு வெண்ணெய்த்தாள் பொட்டலம் மடித்து, ஒவ்வொன்றிலும் கிழமையும் தேதியும் எழுதி, ஒரு உறையில் போட்டு ஜானகி மாமி கையில்தான் கொடுப்பேன். மாமா கையில் கொடுப்பதில்லை.

"கைதிக்குச் சோறு போடற மாதிரி போடறே" என்பார் மாமா. "இன்னிக்கு மட்டும் ஒரு கால் சேத்துப் போடேன்."

"இன்னா மாமா, அர கிலோ கால் கிலோன்னு கத்திரிக்கா வாங்கற மாதிரி கேக்கற" என்பார் டில்லி.

"நீ சும்மா இருடா முருகேசா."

"டில்லி மாமா. டில்லி."

நான் அப்போதெல்லாம் அந்தப் பெயரைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். முருகேசன் எத்தனை வாரம் வருகிறார், டில்லி எப்போது வருகிறார் என்று டைரியில் குறித்துவந்தேன்.

மூன்றாவது மாதம் மோசமாக இருந்தது. மாமா எரிந்து விழுந்தார். ஆயாவைப் போகச் சொன்னார். மத்தியானம் தூங்கக் கூடாது, எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, "முப்பத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவனுக்கு நேரம் சொல்லித் தராளா?" என்றார். மாமி கடை வாசலிலேயே, "மத்தியானம் மூணு மணி நேரம் குறட்டை விட்டுட்டு ராத்திரி தூக்கம் வரல்லேன்னா யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று போட்டு உடைத்தார். அந்தக் கட்டத்திலேயே ஒரு மாதம் நிற்கும்படி மருத்துவர் அட்டவணையை மாற்றினார். பிறகு மறுபடி இறங்கினோம். முக்கால், அரை, கால்.

இருபத்திரண்டாவது திங்கட்கிழமை மாமா உள்ளே வரும்போதே, "டில்லி, அந்த ஸ்டூலை இப்படிப் போடுடா" என்றார். டில்லி ஸ்டூலைப் போட்டுவிட்டுக் குடோனுக்குள் போனார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் போனார் என்று நான் எழுதினால் சண்டைக்கு வருவார். எழுதிவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்ததும் மருத்துவர் பரிசோதித்தார். சில பெயர்கள் மறந்தன. நேற்றுச் சாப்பிட்டது பாதிதான் நினைவிருந்தது. ஆனால் நடை உறுதி. கேஸை மூடுகிறார், கடைக்குப் போய்த் திரும்புகிறார், ஐந்து மாதமாக விழவில்லை. வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். வசுதா கொட்டிவாக்கத்து அறையை ரத்து செய்தாள். ஜானகி மாமிதான் போனில் அதைச் சொன்னார்.

அடுத்த வாரம் மாமா தனியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து லேமினேட் செய்த சீட்டை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார்.

"இன்னா மாமா, மறுபடியுமா?" என்று டில்லி பதறினார்.

"ஒப்படைக்க வந்திருக்கேன்டா. தூக்கம் நாலு மணி நேரந்தான் வரது. அதுல ரெண்டு தடவை எழுந்துக்கறேன். பரவாயில்லே. எழுந்தா எங்க இருக்கேன்னு தெரியறது."

அண்ணாச்சி முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். பழக்கம். மை ஒட்டவில்லை.

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அஞ்சு நாள்னு போட்டிருக்கே" என்றார்.

சட்டைப் பையை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா நெஞ்சுக்கு மேலேயே வெச்சிண்டிருந்திருக்கேன், ஒரு தடவைகூடப் படிக்கல்லே. நீ இதை எத்தனை தடவை கையில வாங்கியிருப்பே சுமதி?"

"நானூற்று முப்பத்தேழு தடவை, மாமா."

"கணக்கு சரியா வெச்சிண்டிருக்கே." சீட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குறும்புதான் இருந்தது. "எனக்காவது மாத்திரை போட்டுண்ட மந்தம். உனக்கு என்னம்மா காரணம்?"

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

அன்றைய டைரியில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, பதிலுக்கு இரண்டு வரி விட்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறேன். வரிகள் இன்னும் காலியாக இருக்கின்றன.